மேடையேறிய இடது கால்

அப்பாஸ் அழைத்தபோது என் இரண்டு கையிலும் கையுறை. எதிரே டெஸ்டுக்கு வந்த யாரோ ஒருவருடைய சளிக் குப்பி திறந்திருந்தது. அந்த நிலையில் போனை எடுக்க முடியாது. ஒலித்து ஓய்ந்தது, மறுபடி ஒலித்தது, மறுபடியும் ஓய்ந்தது. வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு நானே கூப்பிட்டேன்.

"அத்தா மவுத்தாயிட்டாங்க தம்பி."

நான் கேட்ட முதல் கேள்வி இது: "ஃபங்கஸ் மருந்த எப்ப நிப்பாட்டினாங்க?"

அப்பாஸ் நிதானமாகச் சொன்னார். "எல்லாத்தையுமே நிப்பாட்டிட்டாங்க தம்பி. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க."

சிக்கந்தர் பாய் இறந்த செய்தி அவர் மகனிடமிருந்து எனக்கு இப்படித்தான் வந்தது. நான் அதை இப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த சிக்கந்தர் பாயை உங்களில் பலர் எங்கள் சர்க்கரை நோய் முகாம்களில் பார்த்திருப்பீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மைக் தேவைப்படாத குரல். மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பச்சைத் துணி விரித்த ஸ்டூலின் மேல் இடது காலைத் தூக்கி வைப்பாரே, அவர்தான். முகாம் குழுவினர் அவரைப் பற்றி என்னை எழுதித் தரச் சொன்னார்கள். "உருக்கமா இருக்கணும்ப்பா, இரங்கல் கூட்டத்துல வாசிக்கணும்" என்றார்கள். உருக்கம் எனக்கு வராது. நான் படித்தது நுண்ணுயிரியல். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். இதை வாசிக்கும்போது கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. இடது காலில் ஆறாத புண். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, இரண்டு ஆஸ்பத்திரி மாறி, கடைசியில் சர்க்கரைக்காரர்களின் கால் புண்களைப் பார்க்கும் டாக்டர் ஸ்டெல்லாவிடம் வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் புண்ணுக்குள்ளிருந்து ஒரு சதைத்துணுக்கை எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பினார். புண் என்றால் நாங்கள் பாக்டீரியாவைத்தான் தேடுவோம். கிருமி வளர்க்கும் தட்டில் இட்டு இரண்டு நாள் பார்ப்போம். ஒன்றும் வராவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் அடித்துவிட்டுத் தட்டைக் கழிவில் போடுவோம். வேலைக் குவியலில் அதற்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை.

ரிப்போர்ட்டை வாங்க அவரே வந்தார். காலில் கட்டு, கையில் தடி, பின்னால் மகன் அப்பாஸ். வாசித்துவிட்டுக் காகிதத்தைக் கவுண்ட்டரில் திருப்பி வைத்தார்.

"ஏலே தம்பி, வளரலன்னு போட்டிருக்கியே, எது வளரல?"

"கிருமி வளரல பாய்."

"என் கால்ல வளருதே. அங்க வளர்றது ஒன் தட்டுல மட்டும் ஏன் வளர மாட்டேங்குது? நீ போடுற சோறு சரியில்லையோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம். "ரெண்டு நாள்ல வரலன்னா வராது பாய். எடுத்துக்கங்க, ஆளுக நிக்கிறாங்க."

"மாட்டேன். 'இன்னும் வளரல'ன்னு எழுது, எடுத்துட்டுப் போறேன்."

"அத்தா, வாங்கத்தா" என்று அப்பாஸ் கையைப் பிடித்து இழுத்தார். பாய் அசையவில்லை. தட்டு அப்போதும் மேசையில்தான் இருந்தது. அவருடைய வாயை அடைப்பதற்காகத்தான் அதைத் திரும்ப இன்குபேட்டருக்குள் வைத்தேன். அறிவியல் அக்கறை எதுவும் அதில் இல்லை.

அதன் பிறகு மண்டிக்குப் போகும் வழியில் தினமும் ஆட்டோவை நிறுத்தி எட்டிப் பார்ப்பார்.

"வளந்துச்சா?"

"இல்ல பாய்."

"இன்னும் இல்லன்னு சொல்லு."

ஒரு நாள் காலையில் தட்டில் ஒரு வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. காற்றிலிருந்து விழுந்த பூஞ்சையாக இருக்கும் என்று தூக்கிப் போடுவதுதான் எங்கள் கை செய்யும் முதல் காரியம். ஆனால் அன்றும் பாய் வந்து நிற்பார், தட்டு எங்கே என்பார். விட்டுவைத்தேன். மறுநாள் அந்தப் பஞ்சின் நடுவில் நிறம் மாற ஆரம்பித்தது. அழுக்கு வெள்ளை, பிறகு சாம்பல், பிறகு அச்சு அசல் வீட்டு எலியின் முதுகு நிறம். டாக்டர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். இன்னும் ஆழத்திலிருந்து சதை எடுத்து அனுப்பினார். பொட்டாஷ் கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சதைக்குள்ளேயே மெல்லிய இழைகள், இடையிடையே தடுப்புகளோடு கிளை பிரிந்து கிடந்தன. புதுத் தட்டில் இட்ட ஒவ்வொரு துண்டிலிருந்தும் அதே எலி நிறம் எழுந்தது. காற்றிலிருந்து விழுந்தது இத்தனை ஒழுங்காக விழாது. பெரிய லேபுக்கு அனுப்பிப் பெயரை உறுதி செய்தோம். ஸ்கெடோஸ்போரியம். மண்ணிலும் சாக்கடையிலும் வாழ்வது. சர்க்கரை ஏறிய உடம்பில் ஒரு புண் கிடைத்தால் உள்ளே போய்க் குடியிருக்கும். பூஞ்சை என்றதும் டாக்டர்கள் கை போகிற பழைய ஊசி மருந்துக்கு இது பெரும்பாலும் மசியாது. வேறொரு மாத்திரைக்குத்தான் அடங்கும். பெயர் தெரியாமல் மருந்து கொடுத்திருந்தால் கால் போயிருக்கும்.

"பேரு என்ன சொன்ன?"

"ஸ்கெடோஸ்போரியம்."

"ஸ்கெட்... அது கிடக்கு. என்ன கலர்ல இருக்கு, காட்டு." தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலி மாதிரியில்ல இருக்கு. இவன் பேரு எலி."

அன்றிலிருந்து அது எலிதான். டாக்டர் ஸ்டெல்லாவே கேஸ் ஷீட்டில் ஒரு தரம் 'எலி' என்று எழுதி அடித்திருந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மற்றபடி கால் தங்கியது. மாதக்கணக்கில் மாத்திரை. அந்த மாத்திரை கொஞ்ச நேரம் கண்ணில் வித்தை காட்டும். "தெருவிளக்கெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி தெரியுதுப்பா, காசில்லாம ஒரு திருவிழா" என்பார். மண்டியில், டீக்கடையில், எங்கு போனாலும் எலிப் பேச்சுதான். "இந்த ஊருல சுகர் எல்லாப் பயலுக்கும் இருக்கு. எலி எனக்கு மட்டுந்தான்" என்று பெருமையடிப்பார்.

ஒரே ஒரு முறைதான் அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டிருக்கிறேன். புண் நாறிய மாதங்களில் அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தொழுகையில் தோளோடு தோள், காலோடு கால் சேர்த்து நிற்க வேண்டும். "பச்சைத் தோலு நாத்தத்துலயே பொழைச்சவன்தான் நானு. அந்த எனக்கே என் காலு பக்கத்துல இருக்க முடியல. அடுத்தவன் காலோட எப்படிச் சேக்குறது?" என்றார். புண் மூடிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு லேபுக்கு வந்தார். அன்று அவர் எதையும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துல நின்னவன் காலு என் காலுல பட்டுச்சு தம்பி. அவன் நகரல."

அவரை மேடையேற்றலாம் என்பது என் யோசனை.

அதற்கு முன்னால் முகாம்களில் நான்தான் படம் போட்டுப் பேசுவேன். புண்ணின் படம், பூஞ்சையின் படம், சர்க்கரை அளவு. ஜனங்கள் இலவச டெஸ்டுக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்கும் காத்திருக்கும் முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். சேவுகம்பட்டி முகாமில்தான் முதன்முதலாகப் பாயைப் பேச வைத்தோம். அவர் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தார். விரல் இல்லாத இடத்தைத் தடவிக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கங்க. இங்க ரெண்டு பேரு குடியிருந்தாங்க, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கும் முன்பே சொன்னார்: "வலிக்கலன்னு சந்தோஷப்படாதீக. சுகர்க்காரனுக்கு வலிக்கிற காலுதான் உசுரோட இருக்குற காலு. எனக்கு வலிக்கவே இல்ல. அதான் இம்புட்டும்." அன்றைக்கு ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்று டாக்டர் ஸ்டெல்லாவிடம் காலைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு வாழைத்தோட்டக்காரரின் காலிலிருந்தும் அன்றுதான் சதை எடுத்தோம். அதிலும் ஒரு பூஞ்சை இருந்தது. அவருடைய கால் இன்றைக்கும் வாழைத்தோட்டத்தில் நடக்கிறது. இது பாய் செய்தது. இதை யாரும் எடுத்துவிட முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். அவர் காலைப் படம் எடுத்தோம். புண்ணோடு ஒன்று, ஆறிய பிறகு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பெரிய ஃப்ளெக்ஸ் அடித்தோம். 'எலியை வென்ற கால்' என்று அதற்குத் தலைப்பு வைத்தவன் நான். எலியை ஒரு கண்ணாடிக் குழாயில் வளர்த்து முகாமுக்கு எடுத்துப்போய்க் காட்டினோம். ஒவ்வொரு மேடையிலும் பாய் பேசி முடித்ததும் நான் மைக்கை வாங்கி ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: "பேர் தெரிஞ்சா மருந்து தெரியும்." கைதட்டுவார்கள். பொன்னாடை போடுவார்கள். பாய் பொன்னாடையை மடித்து அப்பாஸிடம் கொடுப்பார்.

தொப்பம்பட்டி முகாம். கடும் வெயில், தகரக் கொட்டகை. பாய் அன்றைக்கு வலது காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தார், சாக்ஸ் போட்டு. இடது காலில் வழக்கமான செருப்பு. மேடையேறும்போது நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நேரமாகிக்கொண்டிருந்தது, டெஸ்ட் எடுக்க இன்னும் பாதிப் பேர் பாக்கி. என் நினைப்பு அங்கே இருந்தது.

அவர் வழக்கம்போலப் பேசி முடித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கழுத்தில் துண்டு போட்ட தோட்டக்காரம்மா, கையைத் தூக்கினார்.

"ஏனுங்க பாய், அந்த ஒரு காலைத்தானுங்க காட்டறீங்க. இன்னொரு காலுங்க?"

கொட்டகையே சிரித்தது. பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது கோஷால இருக்கும்மா. ஆம்பளைங்க இருக்குற எடத்துல வெளிய வராது."

இன்னும் பெரிய சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. "வெளாட்டுக்குக் கேக்கலீங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் நான் மைக்கை வாங்கிவிட்டேன். "சரி சரி, டெஸ்டுக்கு வரிசையா வாங்க, நேரமாச்சு."

சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்க வருபவருக்கு முதலில் சொல்லித் தரும் பாடம், இரண்டு காலையும் பார் என்பது. நலமாக இருக்கும் காலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். மேடையில் ஒரு டாக்டர் இருந்தார், நான் இருந்தேன், குழுவில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு அம்மா. கூட்டத்தோடு நாங்களும் சிரித்தோம்.

மண்டி வாசலில் எதுவோ குத்தியிருக்கிறது. எப்போது என்று அவருக்கே தெரியாது. வலி இல்லாத கால். தொப்பம்பட்டி முகாமின்போதே புண் இருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். அப்போதே பூஞ்சை உள்ளே போயிருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத மாட்டேன். ஆனால் அன்றே ஷூவைக் கழற்றியிருந்தால் ஒரு சாதாரணப் புண்ணாக அதைப் பிடித்திருக்க வாய்ப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அப்பாஸ் பிறகு ஒன்று சொன்னார். அந்த வாரங்களில் பள்ளிவாசலில் அத்தா வரிசையின் வலது கோடியில்தான் போய் நிற்பார்களாம். இடம் நடுவில் காலியாக இருந்தாலும் கோடிக்குத்தான் போவார்களாம். வலது கால் பக்கம் சுவர். "வயசாயிருச்சு, சுவத்தப் புடிச்சு எந்திரிக்கத்தான் அங்க போறாங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

டாக்டர் ஸ்டெல்லா ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "ஸ்லைடு, பொட்டாஷ் எல்லாம் எடுத்துட்டு இங்கயே வா. தட்டு வளர்றவரைக்கும் நேரமில்ல." போனேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் பாய் கிடந்தார். வலது பாதத்தை மூடியிருந்தார்கள். மூடியதற்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கரி மாதிரி இருந்தன. என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினார்.

"எலி திரும்பி வந்துட்டான் தம்பி. நான் விடல. மிச்சம் வெச்சிருந்த மாத்திரைய அப்பவே ஆரம்பிச்சிட்டேன். ஒழுங்கா போட்டுக்கிட்டு வாரேன்."

நான் உள்ளே போனேன். சதைத்துணுக்கை நசுக்காமல் நறுக்கி, பொட்டாஷ் விட்டு, லேசாகச் சூடுகாட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எலியின் இழை மெல்லியது, ஒழுங்கானது, தடுப்பு வைத்தது. இங்கே கிடந்தது நாடா மாதிரி அகலமாக, தடுப்பே இல்லாமல், முறுக்கிக்கொண்டு, தாறுமாறாகக் கிளை விட்டிருந்தது. தட்டு வளர வேண்டிய அவசியமே இல்லை. கொரோனா காலத்தில் கருப்புப் பூஞ்சை என்று ஊரே பேசியதே, அந்தக் குடும்பம். மண்ணிலிருந்து காயத்துக்குள் நேராகவும் வரும். ரத்தக்குழாயைப் பிடித்து அடைத்துக்கொண்டு மேலே ஏறும். எலியை அடக்கிய மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. எலி மசியாத அந்தப் பழைய ஊசி மருந்துதான் இதற்கு மருந்து. அவர் நாள் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருந்த காலம் முழுக்க அது தடையில்லாமல் ஏறியிருக்கிறது.

வெளியே வந்தேன்.

"எலிதானே?" என்றார். அதில் ஆசை இருந்தது. எலி என்றால் தெரிந்த பகை.

"எலி இல்ல பாய். இது வேற. அந்த மாத்திரை இதுக்குக் கேக்காது."

"கேக்காதா?"

"கேக்காது."

இதைவிட மெதுவாகச் சொல்லும் வழி இருந்திருக்கும். எனக்கு அது வரவில்லை. அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டார். "பேர் தெரிஞ்சா மருந்து தெரியும்னியே தம்பி" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கும் குரல். அத்தனை மேடையில் அந்த வாக்கியத்தைச் சொன்னவன், அடுத்த புண்ணுக்கு அடுத்த பெயர் இருக்கலாம் என்பதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அவர் நான் சொன்னதைத்தான் நம்பினார். தன் பூஞ்சையின் பெயர் தனக்குத் தெரியும் என்று நம்பினார்.

முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். பிறகு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் தாங்கவில்லை, மருந்தை ஏற்றுவதும் குறைப்பதுமாக இருந்தார்கள். நடுவில் ஒரு நாள் தெளிவாக இருந்தார். அன்றைக்கு நான் போயிருந்தேன். எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டேன்.

"ஏன் பாய் சொல்லல? ஊருக்கெல்லாம் காலக் காட்டு, காலக் காட்டுன்னு சொன்னீங்களே."

"அதுனாலதான்" என்றார். வாய் உலர்ந்திருந்தது. அப்பாஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டார். "கைதட்டு வாங்கியாச்சுல்ல. வாங்கிட்டு, மறுபடியும் புண்ணோட போயி எந்த மூஞ்சியோட நிக்க? வெக்கமா இருந்துச்சுப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது மட்டுமில்ல. நான் வந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? நெசத்தச் சொல்லு."

நான் யோசிக்கவே தேவையில்லை. "அறிவிருக்கா பாய்னு கேட்டிருப்பேன்."

"அதேதான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அப்பாஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை போனதும் பாய் கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தொப்பம்பட்டி அம்மா. கெட்டிக்காரிப்பா அது." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கத்தன்று மண்டித் தெரு முழுக்க ஆட்கள். உடலைச் சுமந்த சந்தூக் தெருமுனையைத் தாண்டும்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். அடுத்த முகாமுக்காக நாங்கள் கட்டிய ஃப்ளெக்ஸ் அங்கே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 'எலியை வென்ற கால்.' பக்கத்தில் பொன்னாடையோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மரணச் செய்தி வந்தபோதே அதைக் கழற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. சந்தூக் அதன் அடியில் போயிற்று. தூக்கிப் போனவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். மய்யத்துத் தொழுகைக்கு அவர்கள் வரிசை கட்டியபோது நான் ஓரமாக நின்றேன். கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கால் இன்னொருவர் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோடி வரைக்கும் இடைவெளி இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை என்ன என்று சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் இப்போது 'வளர்ச்சி இல்லை' என்று நான் அடிப்பதில்லை. 'இதுவரை வளர்ச்சி இல்லை' என்று அடிக்கிறேன். கால் புண்ணின் தட்டுகளைச் சீக்கிரம் கழிவில் போடுவதில்லை. லேபில் இடமில்லை என்று சத்தம் போடுகிறார்கள், போடட்டும். ஃப்ளெக்ஸை மறுநாள் நானே ஏறிக் கழற்றினேன். இனி எந்த நோயாளியின் காலையும் ஜெயித்த காலாக மேடையில் வைப்பதில்லை என்று குழுவில் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். இவையெல்லாம் சரிதான். இவற்றை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கலாம் என்பதும் சரிதான்.

போன வாரம் அப்பாஸ் லேபுக்கு வந்தார். அத்தா உட்காரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். "எலிய ஒருக்காப் பாக்கணும் தம்பி" என்றார். குழாயை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவர் அத்தா பிடித்த மாதிரியே.

"அந்த இன்னொண்ணு இருக்கா? அத்தாவக் கொண்டுபோனது?"

இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் அதையும் வைத்திருந்தேன். ஆனால் யாருக்கும் காட்டியதில்லை. அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுத்து, எலிக்குப் பக்கத்தில் வைத்தேன். குழாய் நிறைய வெள்ளைப் பஞ்சு.

"இம்புட்டு வெள்ளையாவா இருக்கும்?" என்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாய்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினார். "எனக்கும் சுகர் இருக்கு தம்பி. கண்டுபுடிச்சு நாளாச்சு. அத்தாகிட்ட சொல்லல. ஊரு மேடையெல்லாம் ஏறி சுகரப் பத்திப் பேசுற மனுசனுக்கு, வீட்டுலயே மகன் இப்படின்னா வெக்கமா இருக்காதா? டாக்டரம்மாகிட்டயும் சொல்லல. கால்ல ஒரு வெடிப்பு. ஒண்ணும் இருக்காது. சும்மா பாத்துச் சொல்லுங்களேன்."

அறிவிருக்கா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன். நான் டாக்டர் இல்லை, கால் பார்ப்பது என் வேலையும் இல்லை. டாக்டர் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, அப்பாஸை அழைத்து வருவதாகச் சொன்னேன். ஆட்டோ வருவதற்குள் அப்பாஸ் ஒரு பக்கச் செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டியிருந்தார். குனிந்து தரையில் உட்கார்ந்தேன். குதிகாலில் சின்ன வெடிப்பு, சுற்றிலும் சிவப்பு இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'இன்னொரு காலுங்க?' என்ற தொப்பம்பட்டி அம்மாவின் குரல் அப்போது நினைவில் கேட்டது. சிக்கந்தர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அவர் கடைசியாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனதும் அதுதான்.

"அந்தக் காலையும் காட்டுங்க பாய்" என்றேன்.